நட்சத்திர மார்க்கா கொடுத்த மைதானம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். உடற்கல்வி ஆசிரியைக்கு அது இருக்க வேண்டியதுதான் என்று என் கணவர் கேலி செய்வார். விசில் ஊதி ஊதி நான் வீட்டில் பேசுவதும் விசில் மாதிரியே ஆகிவிட்டதாம். அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். நாள் முழுக்க மிஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு என் சத்தம் மட்டும் எப்படித் தனியாகக் கேட்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் பள்ளி மைதானத்துக்காக நான் அலைந்த நாட்களில் எனக்கு வந்த கோபம் வழக்கமானது அல்ல. சாப்பிட உட்கார்ந்தால்கூட அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் பள்ளி ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்குகிற சாலையில் இருக்கிறது. அரசு பெண்கள் பள்ளி. பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவர்கள். பள்ளியின் பின்சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதைத் திறந்தால் மைதானம். ஊர் முழுக்க அதற்கு ஒரே பெயர்தான், கோல்ஃப் கிரவுண்டு. அங்கே கோல்ஃப் ஆடி நானும் பார்த்ததில்லை, என் வயதில் யாரும் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த கிளப் இல்லாமல் போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கோல்ஃப் என்றதும் பச்சைப் பசேலென்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் மைதானத்தில் ஒரு கைப்பிடிப் புல் கிடையாது. செம்மண், கல், அங்கங்கே உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு. நடுவில் கொஞ்ச தூர இடைவெளியில் இரண்டு பெரிய வட்டங்கள், கறுத்த பழுப்பு நிறத்தில். மழை பெய்தால் மற்ற இடமெல்லாம் சேறாகும், இந்த வட்டங்களில் மட்டும் தண்ணீர் நிற்காது. ஒன்றில் நான் கபடிக் கோடு போட்டிருந்தேன். இன்னொன்றில் குண்டு எறிவார்கள். இரண்டையும் சுற்றி இருநூறு மீட்டர் ஓடுபாதை, சுண்ணாம்பில் போட்டது. வருடத்துக்கு நான்கு முறை நானே குனிந்து போடுவேன்.

அந்த ஓடுபாதையில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் முளைத்திருந்தன. மனை பிரிக்கிறவர்கள் நடுகிற கற்கள். ஓட்டம் முடிகிற கோட்டின் மேலேயே ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, என்னிடம் இருக்கிறவர்களில் நானூறு மீட்டரை ஒழுங்காக ஓடத் தெரிந்த ஒரே பிள்ளை, அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். முந்தின வருடம் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தவள். அரை அடியில் முதலிடம் போயிற்று. இந்த வருடம் விடமாட்டேன் என்று காலை ஆறரைக்கே வந்துவிடுவாள்.

"மிஸ், இந்த வருஷம் நம்மளும் ஹர்டில்ஸ்ல சேந்துக்கலாமா?" என்றாள்.

"எறங்குடி கீழ," என்று கத்தினேன். கல் நட்டவர்கள் மேல் வந்த கோபம் அவள் மேல் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே இறங்கி, கல்லைச் சுற்றிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். அவர் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தையும் முட்டையைச் சுமந்துபோவதுபோல உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

"அது நம்ம இடம்னு ஒரு பேப்பர் குடுங்க மேடம், இப்பவே மேல எழுதுறேன். பேப்பர் இல்லாம நான் எழுதுனா என் தலதான் உருளும். யாரோ கிரயம் பண்ணி வாங்கியிருக்காங்களாம், பத்திரம் இருக்குதாம்."

"கிளப்காரங்க நம்ம ஸ்கூலுக்கு எழுதிக் குடுத்த இடம் மேடம் அது."

"யார் சொன்னாங்க?"

எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த பி.டி. டீச்சர் சொன்னார். அவர் இறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்று தலைமையாசிரியை நாகரிகமாகச் சொன்னார். அப்படித்தான் ஒரு கோல்ஃப் குச்சியைக்கூடக் கையால் தொட்டிராத நான், ஒரு கோல்ஃப் கிளப்பின் சரித்திரத்தைத் தேடிக்கொண்டு கிளம்பினேன்.

சரித்திரம் என்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு கேட்டாலும் கிடைக்கும். காகிதம் மட்டும் கிடைக்காது. பழைய தோல் மண்டிக்காரர்கள் வீடுகளாக ஏறி இறங்கினேன். முதல் வீட்டில், அந்த கிளப்பை ஆரம்பித்ததே எங்கள் தாத்தா என்றார்கள். கட்டாயப்படுத்திப் பிரியாணி போட்டார்கள். இரண்டாவது வீட்டில், அவர்கள் வெறும் உறுப்பினர்கள்தான், நிலம் கொடுத்து ஆரம்பித்தது எங்கள் பெரிய தாத்தா என்றார்கள். மூன்றாவது வீட்டில் அந்த இரண்டு வீட்டாரும் பந்தைக்கூடப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தார்கள். மூன்று வீட்டிலும் சுவரில் ஒரே புகைப்படம் மாட்டியிருந்தது. கோட்டுப் போட்டவர்களும் தொப்பி வைத்தவர்களுமாகப் பதினைந்து பேர். ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு ஆளைக் காட்டி, இவர்தான் ஸ்தாபகர் என்றார்கள். பிரியாணி நன்றாக இருந்தது. என் கேள்விக்குத்தான் பதில் இல்லை.

இதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. கற்கள் பக்கத்தில் பெயர்ப்பலகை ஒன்று வந்தது. பலகையில் பச்சைப் புல்வெளி, நீலக் குளம், குச்சியை ஓங்கியபடி ஒரு வெள்ளைக்காரர். மனைப்பிரிவின் பெயரிலேயே கோல்ஃப் என்ற வார்த்தையைச் சேர்த்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சரித்திரம் வேண்டும் என்று நான் தெருத்தெருவாக அலைகிறேன், அவர்கள் அதைப் பலகையில் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள்.

கடைசியில் என் கணவர்தான் வழி சொன்னார். அவருடைய கம்பெனிக்கு எப்போதோ தோல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஆம்பூரில் இருக்கிறார், அவருடைய அப்பாதான் அந்த கிளப்பின் கடைசிச் செயலாளர் என்று விசாரித்து வந்தார். போனேன். மூடிக்கிடக்கிற ஒரு தோல் தொழிற்சாலைக்குப் பின்னால் வீடு. பெரியவருக்கு எண்பது இருக்கும். வெள்ளை ஜிப்பா, நல்ல குரல், அவசரம் என்பதே தெரியாத மனிதர்.

"உக்காருங்க டீச்சரம்மா. சாய் குடிக்கிறீங்களா, பால் குடிக்கிறீங்களா?"

"ஒண்ணும் வேணாம் பாய். அந்த கிளப் ரிஜிஸ்டர் மட்டும்..."

"ரிஜிஸ்டர் எங்க போய்டப் போவுது? இருக்குது. மொதல்ல சாய் குடிங்க."

முதல் நாள் சாய் மட்டும்தான் கிடைத்தது. இரண்டாவது முறை போனபோது பதிவேடு இருக்கிற கிடங்கின் சாவி மகனிடம், மகன் அரக்கோணத்தில். மூன்றாவது முறை சாவி வந்திருந்தது, பூட்டு துருப்பிடித்திருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ எனக்குப் பொழுது போகட்டும் என்று கிளப்பின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கோபத்தோடு கேட்டதாலோ என்னவோ, ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

சென்னையிலிருந்து தோல் பார்க்க வெள்ளைக்கார ஏஜெண்டுகள் வருவார்களாம். வந்தால் இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். பகலில் தோல் பார்க்கலாம், சாயங்காலம் இந்த ஊரில் என்ன செய்வது? அவர்கள் பேஜாராகி விலையைக் குறைத்துவிடக் கூடாதே என்று முதலாளிகள் சிலர் சேர்ந்து, ஆற்றோரம் ஆளுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் விட்டுக்கொடுத்து, ஒன்பது குழி வெட்டினார்கள். தோல் காயப்போடுகிற மேடு அது. புல்லுக்குத் தண்ணீர் கிடையாது. இருந்த தண்ணீரெல்லாம் தோலுக்கே போதவில்லை. அதனால் பாலாற்று மணலைச் சலித்து, தோலுக்குப் பூசி மிஞ்சிய எண்ணெயை அதில் கலந்து, குழியைச் சுற்றி வட்டமாகக் கெட்டித்தார்கள். பந்தை மெல்லத் தட்டி உருட்டிக் குழியில் போடுகிற இடம் அது. மற்ற ஊர்களில் அந்த இடம் பச்சையாக இருக்கும், எங்கள் ஊரில் பழுப்பு. அங்கே கபடிக் கோடு போட்டபோதெல்லாம், சுண்ணாம்பு ஏன் ஒட்டமாட்டேன் என்கிறது என்று நான் சலித்துக்கொண்டதற்குக் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாத்தம் இருந்துச்சா பாய்?"

"இல்லாம? மீன் எண்ணெ வேற கலந்திருக்கும். வெள்ளைக்காரன் கர்ச்சீப்ப மூக்குல கட்டிக்கினு ஆடுவான். ஆனா வெல பேசறப்ப கர்ச்சீப்ப எடுத்துடுவான்."

தரையெல்லாம் கல்லாக இருந்ததால் பந்தைக் கீழே வைத்து அடித்தால் குச்சி உடையும். அதற்காக ஒவ்வொருவரும் ஒரு சதுரத் தோல் துண்டைக் கையோடு கொண்டுபோவார்களாம். அதைத் தரையில் போட்டு, மேலே பந்தை வைத்து அடிப்பது. அந்தத் துண்டு அவரவர் தொழிற்சாலைத் தோல், அவரவர் மார்க்கா குத்தியது. ஆட்டத்துக்கு அதுவே பெரிய கெடுதலாகிவிட்டது.

"பந்து எங்க போச்சுன்னு எவனும் பாக்கமாட்டான் டீச்சரம்மா. அடுத்தவன் துண்டக் குனிஞ்சு தடவிப் பாப்பான். இது ஆடா, செம்மறியா, எந்த மரப்பட்டைத் தண்ணியில ஊறுச்சு, எண்ணெ ஜாஸ்தியா கம்மியா... ஒரு ஆட்டம் முடிய நாலு மணி நேரம் ஆவும்."

மைதானத்தில் ஆடுகள் மேய்ந்தால் விரட்டமாட்டார்களாம். எப்படியும் ஒருநாள் நம்மிடம்தானே வரப்போகிறது என்பார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவரே வெகுநேரம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பின் மேலும் கோபமாக இருந்தது. அங்கே என் பிள்ளைகள் கல்லைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார்கள், நான் இங்கே ஆட்டுக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ஸ்கூலுக்கு எதுக்குக் குடுத்தாங்க பாய்? அதச் சொல்லுங்க."

அதற்குத்தான் அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஏழாவது, எட்டாவது குழிகளின் பக்கம் பள்ளிக்கூடம் வந்தது. அப்போது சுற்றுச்சுவர் இல்லை. ஒரு சாயங்காலம் யாரோ அடித்த பந்து, தண்ணீர்ப் பானை அருகே நின்ற ஒரு பெண்ணின் காதுக்கு மேல் பட்டது. அவள் அங்கேயே விழுந்துவிட்டாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஒரு காது போயிற்று. அடித்தது யார் என்று கடைசிவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கமிட்டி கூடியது. பந்து அந்தப் பக்கம் போகவே கூடாது என்று முடிவு செய்து, ஏழாவதையும் எட்டாவதையும் பள்ளிப் பெண்கள் விளையாடுவதற்கே கொடுத்துவிட்டார்கள்.

"அதோட கிளப்பும் போச்சு டீச்சரம்மா. ஒம்பதுல ரெண்டு போனா ஏழு. ஏழு குழி ஆட்டத்த எவன் ஆடுவான்? அப்புறம் ரோடு அகலமாக்குறப்ப மூணு போச்சு. எல்லாரும் புள்ளைங்களப் படிக்கவைக்க மெட்ராஸ் போய்ட்டாங்க. மூடுனாங்களான்னா மூடல. யாரும் வரல, அவ்ளோதான்."

நான்காவது முறை போனபோது பூட்டை உடைத்திருந்தார்கள். பதிவேடு கைக்கு வந்தது. தோல் அட்டை போட்ட கனமான புத்தகம், கரையான் தொடவே இல்லை. தீர்மானம் அதில் இருந்தது. ஏழாவது, எட்டாவது குழிகளும் சுற்றியுள்ள நிலமும் பெண்கள் பள்ளியின் விளையாட்டுக்கு நிரந்தரமாகக் கொடுக்கப்படுகிறது என்று அழகான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதியிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் கீழே கையெழுத்து இருக்கிற இடத்தைப் பார்த்தேன்.

கையெழுத்தே இல்லை. வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். அதன் பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்து. அதன் பக்கத்தில் ஒரு பிறை. ரப்பர் முத்திரை குத்தியதுபோல மூன்று அடையாளங்கள். முன்பக்கம் புரட்டினேன். உறுப்பினர் பட்டியலிலும் ஒரு மனிதப் பெயர்கூட இல்லை. முழுக்க நட்சத்திரம், பிறை, மான் தலை, தராசு, மீன்.

"இது இன்னா பாய்? பேரு எங்க?"

"இதான் பேரு. மார்க்கா." என் அறியாமையைப் பார்த்து அவருக்கு வருத்தமாக இருந்தது. "கட்டு கட்டா தோல் லண்டனுக்குப் போவும். மேல இந்த மார்க்காதான் இருக்கும். இத வெச்சுத்தான் அங்க ஏலம். ஆள் பொய் சொல்லுவான், மார்க்கா பொய் சொல்லாது. மார்க்கா கெட்டுப்போச்சுனா அந்தக் குடும்பமே போச்சு. பேர எழுதறத விட மார்க்காவ வெக்கறதுதான் மரியாத அந்தக் காலத்துல."

"நட்சத்திரம் யாரு?"

"அது நாலு அண்ணன் தம்பிங்க. அப்புறம் பங்கு பிரிச்சுக்கினாங்க. நட்சத்திரத்த யாரு எடுத்துக்கினாங்கன்னு தெரியல."

பிறை யாருடையது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிறையின் பேரன்தான் மனை போடுகிறவர்களுக்கு நிலத்தை விற்றவர். அவரும் பொய் சொல்லவில்லை. நிலம் அவருடைய தாத்தா பெயரில்தான் பட்டாவில் இருக்கிறது. கிளப்புக்கு விட்டுக்கொடுத்ததை யாரும் எங்கேயும் பதிவு செய்யவில்லை. மார்க்கா போட்டால் போதும் என்று இருந்துவிட்டார்கள். லண்டன்வரை வியாபாரம் செய்யத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்துத் தெரு பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ஒரு கையெழுத்துப் போடத் தெரியவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அந்தப் புகைப்படத்தில் இருந்த பதினைந்து பேரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

இருந்தாலும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருவாய்த் துறை அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் கோப்பு ஒரு துணை தாசில்தாரிடம் இருந்தது. என் மாணவிகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூடியவர் போலிருந்தார். பொறுமையாகப் படித்தார். தீர்மானத்தைப் படித்ததும் நிமிர்ந்து, "நல்லா எழுதியிருக்காங்க மேடம்," என்றார். பிறகு கீழே பார்த்தார்.

"எழுதிக் குடுத்தது யாரு?"

"நட்சத்திரம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

"அப்ப நட்சத்திரத்தோட ஆதார் கார்டு ஒரு ஜெராக்ஸ் வையுங்க," என்றார். அடுத்த மேஜையில் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். எங்கள் பிள்ளைகள் ஓட ஒரு இடம் இல்லை, உங்களுக்குக் கேலியா, இந்த ஊரில் எவனுக்காவது ஒரு காகிதத்தை ஒழுங்காக எழுதத் தெரியுமா, ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியுமா என்று கேட்டேன். மைதானத்தில் நூறு பேருக்குக் கேட்கிற குரல்.

அந்தப் பையன் கோபப்படவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "சாரி மேடம். உக்காருங்க. இந்த ரிஜிஸ்டர் மட்டும் போதாது. ஆனா இன்னொரு வழி இருக்குது. இத்தன வருஷமா ஸ்கூல்தான் அனுபவிச்சுக்கினு வந்துதுன்னு கவர்மெண்ட் ரெக்கார்டு ஒண்ணு இருந்தா, அத இந்தத் தீர்மானத்தோட சேத்து வெச்சா, நானே ஸ்ட்ராங்கா எழுதுவேன். கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும். உங்க டிபார்ட்மெண்டுக்கு வருஷா வருஷம் விளையாட்டு பாரம் போகுமே? அதுல மைதானம் பத்தி கேட்டிருப்பாங்க இல்ல? நானே லெட்டர் போட்டு வரவழைக்கிறேன்."

பாட்டிலைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினேன்.

வருடா வருடம் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புவது நான்தான். பள்ளியின் பயன்பாட்டில் மைதானம் உள்ளதா என்று அதில் ஒரு கட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், உண்டு என்று எழுதப்போனேன். முன்பிருந்த பி.டி. டீச்சர் பேனாவைப் பிடித்து நிறுத்தினார். "அறிவிருக்குதா உனக்கு? உண்டுன்னு எழுதுனா ஜோனல் போட்டிய நம்ம தலையில கட்டிடுவாங்க," என்றார். ஜோனல் என்றால் சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் வந்து மோதுகிற குறுவட்டப் போட்டி. நடத்துகிற பள்ளிக்கு உயிர் போய்விடும். கோடு போட வேண்டும், பந்தல் போட வேண்டும், தண்ணீர், கழிப்பறை, வருகிற ஆசிரியர்களுக்குச் சாப்பாடு, கடைசியில் தோற்ற பள்ளிக்காரர்களின் சண்டை. அதனால் எங்கள் வட்டாரத்தில் மைதானம் இருக்கிற பி.டி. டீச்சர் எல்லோரும் இல்லை என்றுதான் எழுதுவோம். இது எங்களுக்குள் எழுதாத சட்டம். ஒரே ஒரு பள்ளியில் ஒரு அப்பாவி ஆசிரியர் உண்மையை எழுதிவிட்டார். வருடம் தவறாமல் போட்டி அவர் தலையில்தான் விடியும். நாங்கள் மற்றவர்கள் அவர் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே அவரைக் கேலி செய்வோம். நானும் செய்திருக்கிறேன்.

துணை தாசில்தாரிடம் நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய படிவத்தை எல்லாம் யார் வைத்திருக்கப் போகிறார்கள், கிடைக்காது, கிடைக்கவில்லை என்று வந்தால் வேறு வழி பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு காகிதத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று ஐந்து நிமிடம் முன்புதான் கத்தியிருந்தேன். இப்போது அது நிஜமாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு படியிறங்கினேன்.

கிளப்பின் பதிவேட்டைத் தேட எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. என் படிவங்கள் மூன்றே நாளில் கிடைத்துவிட்டன. வரிசையாக, வருட வாரியாக, நூல் கோத்து, கட்டுக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அவ்வளவு சீரான கோப்பை நான் அரசாங்கத்தில் பார்த்ததே இல்லை. துணை தாசில்தார் ஒவ்வொன்றாகத் திருப்பினார். இல்லை. இல்லை. இல்லை. இருபத்திரண்டு வருடம். ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து. முழுப் பெயர், தெளிவாக, இனிஷியலோடு. மார்க்கா இல்லை.

"உங்க கையெழுத்துதானே மேடம்?"

"ஆமா."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பை மெதுவாக மூடினார். "இத வெச்சு நான் எதுவும் எழுத முடியாது. அவங்க வக்கீல் கையில இது கெடச்சா போதும்," என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். எனக்கு அதற்குக் காசுகூடச் செலவாகவில்லை, பேனா மை மட்டும்தான்.

வீட்டில் சொன்னேன். இருபத்தைந்து வருடத்தில் என் கணவர் என்னைக் கேலி செய்யாமல் விட்டது அன்று ஒருநாள்தான். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தலைமையாசிரியையிடம் சொன்னபோது, "எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான் எழுதுறாங்க, விடுங்க," என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லும் எண்ணம்தான். எனக்கு அவமானமாக இருந்தது. நான் ஒரு சோம்பேறி என்று என்னை யாரும் சொன்னதில்லை. வெயிலில் நின்று நின்று முகம் கருத்தவள். வருடத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கஷ்டப்பட மனமில்லாமல், பிள்ளைகளின் நிலத்தை என் கையாலேயே இல்லை என்று எழுதி எழுதி இல்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

அடுத்த மாதம் கம்பி வேலி போட்டார்கள். பள்ளியின் பின்கதவை அவர்கள் பூட்டவில்லை. பூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. திறந்தால் நேர் எதிரே கம்பி. இரண்டு வட்டங்களையும் பொக்லைன் வைத்துக் கிளறினார்கள். எண்ணெய் வாடை இரண்டு நாள் வகுப்பறைவரை வந்தது.

பயிற்சியைப் பள்ளி முன்னாலுள்ள சாலைக்கு மாற்றினேன். காலை ஆறரையிலிருந்து ஏழே கால்வரைதான். அதன் பிறகு கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்துவிடும். தார் ரோட்டில் ஓடினால் முழங்கால் கெடும் என்று எனக்குத் தெரியும். பத்துப் பிள்ளைகளில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் நிற்கவில்லை. வளைவில் ஓடிப் பழகினால்தான் நானூறு மீட்டர் வரும். நேர் ரோட்டில் வளைவு ஏது? நூறு மீட்டர் போய், புளியமரத்தைச் சுற்றித் திரும்பி வருவாள்.

மிச்சமிருந்த நான்கு பேரிடமும் ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் மனை போடுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். கிளப் கொடுத்தது, மார்க்கா, படிவம், ஜோனல், எல்லாம்.

"அவங்க மட்டும் இல்லடி. நான்தான் எழுதுனேன். வருஷா வருஷம் கிரவுண்டு இல்லன்னு."

அந்தப் பெண் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வேலை பார்க்கிற கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஜோடி. கட்டி முடித்து நிமிர்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது.

"இந்த வருஷ பாரம் வந்துச்சா மிஸ்?"

"வந்திருக்குது. டேபிள் மேல கெடக்குது."

"இன்னா எழுதப்போறீங்க?"

"உண்டுன்னு எழுதப்போறேன். இன்னா வந்தாலும் வரட்டும்," என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது, விசில் மாதிரி.

அவள் பள்ளியைத் தாண்டி, பின்பக்கம் தெரிந்த கம்பி வேலியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் கொஞ்சமும் இல்லை. பெரியவர்கள் கணக்கைத் தப்பாகப் போட்டால் பிள்ளைகள் தயக்கத்தோடு திருத்துவார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

"இப்பதான் இல்லியே மிஸ்."